வேலியா, கதவா? வீட்டு இணையத்துக்கு எந்தத் தீச்சுவர்?

வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் கைவிட்டுப் போன காணிக்கு, இருபத்தைந்து வருடங்களுக்கு மேற் கழித்துத் திரும்பி வந்த குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். வீடு இன்னும் முழுமை பெறவில்லை. ஓர் அறைக்கு மாத்திரமே ஓடு போடப்பட்டுள்ளது. அந்த அறையின் மூலையில், பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டு, இணைய இணைப்புக்குரிய சிறிய பெட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் கனடாவில் இருக்கும் தம்பியார் அனுப்பிய பழைய மடிக்கணனி.

அந்தக் கணனியில் என்ன இருக்கிறது என்று தாயார் எமக்குத் திறந்து காட்டினார். மகளின் உயர்தர வகுப்புப் பாடங்கள் இருந்தன. காணி உறுதியின் படப்பிரதி இருந்தது. நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்துப் பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணாமற்போன மூத்த மகனைப் பற்றி இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் யாவும் ஒரே கோப்புறைக்குள் இருந்தன. சொப்பிங் பையிற் சுற்றி, இடுப்பிற் செருகி, ஒவ்வோர் இடமாகக் காவித் திரிந்த கடதாசிகள் அவை. மூலப்பிரதிகளிற் சில இப்போது கறையானுக்கும் ஈரத்துக்கும் பலியாகிவிட்டன.

"தம்பி ரெலிபோனிலை சொல்லுறான், ஃபயர்வோல் பெட்டி ஒண்டு வேண்டிப் பூட்டாட்டில் உள்ளதெல்லாம் களவு போயிடுமாம் சுவாமி. கடையிலை கேட்டால் ஒரு கறவை மாட்டின்ரை அரைவாசி விலை சொல்லுறாங்கள். உதை வேண்டத்தான் வேணுமோ?" என்று அவர் கேட்டார்.

இதே கேள்வி வேறு வீடுகளிலும் எம்மிடம் கேட்கப்பட்டதால் இங்கு சற்று விரிவாகவே எழுதுகிறோம். பதிலை முதலிலேயே கூறிவிடலாம்: வேண்டத் தேவையில்லை. பெட்டியாக ஒன்றும் கணனிக்குள் ஒன்றுமாக இரண்டு தீச்சுவர்கள் அநேகமாக ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கின்றன. அவை ஒழுங்காகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதே வேலை. ஏன் அவ்வாறு கூறுகிறோம் என்பதை இனி நோக்குவோம்.

தீச்சுவர் என்ற சொல் கணனிக்காரர் உண்டாக்கியதன்று, கட்டடக்காரரிடமிருந்து எடுத்தது. கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக இருந்த முகாம்களில் வாழ்ந்த எமது மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கொட்டிலிற் பிடித்த நெருப்பு அடுத்ததற்குத் தாவ எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நகரங்களில் ஒட்டிக் கட்டிய கடைகளுக்கிடையே, கூரைக்கும் மேலாக உயர்த்தி ஒரு தடித்த சுவர் எழுப்புவார்கள். ஒரு கடை எரிந்தாலும் மற்றது தப்பிவிடும். 1988ஆம் ஆண்டு கார்த்திகை 2ஆம் திகதி, அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிவிட்ட நிரல் ஒன்று, அன்று சிறிதாக இருந்த இணையத்திற் கணனி விட்டுக் கணனி பாய்ந்து பல ஆயிரம் கணனிகளை முடக்கியது. மொறிஸ் புழு என்று அதற்குப் பெயர். அதன் பின்னரே கணனிகளுக்கிடையிலும் அப்படியொரு சுவர் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

அச்சுவர் செய்வது என்ன? இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. ஒரு படமானாலும் கடிதமானாலும் சிறு சிறு பொதிகளாக உடைத்தே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருக்கும்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அங்கே எந்த வாசலுக்குப் போகிறது. வாசல் என்பது ஓர் இலக்கம். ஒரு கணனிக்கு 65,535 வரை வாசல் இலக்கங்கள் உண்டு. வங்கியின் பக்கத்தை நீங்கள் திறக்கும்போது பொதி வங்கியின் 443ஆம் வாசலுக்குப் போகிறது. விண்டோஸ் கணனிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்வது 445ஆம் வாசலால். தீச்சுவர் இந்த மேல்விலாசத்தைப் பார்த்து, விடுவதா மறிப்பதா என்று தீர்மானிக்கிறது. வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் பொதியைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

வீட்டுத் தீச்சுவரின் விதி எளிதானது. வளவுக்குள் இருந்து ஒருவர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர் உள்ளே வரலாம். கூப்பிடாமல் வந்து படலையைத் தட்டுபவருக்குத் திறப்பதில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், அந்தப் பக்கம் வருகிறது, அது கூட்டிவந்தவர். நீங்கள் கேளாமலே எங்கிருந்தோ ஒரு பொதி 445ஆம் வாசலைத் தட்டினால் அது நின்றுவிட வேண்டும்.

"எங்களிட்டை என்ன கிடக்கு களவெடுக்க?" என்று சிலர் கேட்பதுண்டு. கள்ளன் உங்களைத் தெரிந்துகொண்டு வருவதில்லை என்பதே இதற்குப் பதில். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வேகமான இணைப்புள்ள ஒரேயொரு கணனியைக் கொண்டு, உலகத்தின் பழைய முறை இணைய முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டு முகவரியும் நியூயோர்க் வங்கியின் முகவரியும் தட்டுகின்ற இயந்திரத்துக்கு ஒன்றுதான்.

இனி வேலியைப் பார்ப்போம். வன்பொருள் தீச்சுவர் எனப்படுவது, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் வீட்டுக் கணனிகளுக்கும் நடுவே நிற்கும் தனிப் பெட்டி. அதற்கெனத் தனியாக விற்கும் விலையுயர்ந்த பெட்டிகளும் உண்டு. ஆனால் இணைப்புக் கம்பனி தருகின்ற றவுட்டரே சாதாரண வீட்டுக்கு அந்த வேலையைச் செய்கிறது. கண்ணாடி நார் இணைப்பானாலும், தொலைபேசிக் கம்பி இணைப்பானாலும், சிம் போடுகின்ற 4ஜி பெட்டியானாலும் இதுவே நிலை. (வன்பொருள் என்று பெயரே தவிர அந்தப் பெட்டிக்குள்ளும் ஓடுவது ஒரு மென்பொருள்தான். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.)

றவுட்டர் வேலியாக நிற்பதற்கு ஒரு கதை உண்டு. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் உள்ள இணைய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மாத்திரமே. அவை போதாமற் போகும் என்று 1990களின் தொடக்கத்திலேயே கண்டு, ஒரு வீட்டுக்கு ஒரே முகவரி, உள்ளே இருக்கும் கணனிகளுக்கு வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். உங்கள் கணனியில் 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கண்டிருப்பீர்கள்; அது அந்த உள்வீட்டு முகவரி. உள்ளிருந்து போன பொதிக்குப் பதில் வந்தால் அது யாருக்கு என்று றவுட்டர் குறித்து வைத்திருக்கும். கேளாமல் வந்த பொதியை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, ஆகவே விட்டுவிடும். முகவரிப் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு வேலியாகவும் உதவியது. ஐபிவி6 எனப்படும் புதிய முறையில் முகவரிப் பஞ்சமில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வெளியில் தெரியும் முகவரி கிடைக்கும். அப்போது தற்செயலான இந்த வேலி இல்லை. றவுட்டருக்குள் இருக்கும் உண்மையான தீச்சுவர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். புதிய இணைப்பு எடுப்பவர்கள், ஐபிவி6க்கும் தீச்சுவர் போடப்பட்டிருக்கிறதா என்று பூட்ட வரும் பையனிடம் கேட்பது நல்லது.

அடுத்தது கதவு. மென்பொருள் தீச்சுவர் கணனிக்குள்ளேயே இருக்கும். வேலிக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும்: பொதியை எந்த நிரல் அனுப்புகிறது என்பது. இன்று எல்லா விண்டோஸ் கணனிகளிலும் அது கூடவே வருகிறது, தனியாகக் காசு இல்லை. அது அப்படி வந்ததற்கும் ஒரு அனுபவம் காரணம். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தீச்சுவர் இருந்தது, ஆனால் பூட்டாமல் விடப்பட்டிருந்தது. 2003 ஆவணி 11ஆம் திகதி பிளாஸ்ரர் என்ற புழு வெளிப்பட்டு 135ஆம் வாசலால் நுழைந்தது. கணனி அறுபது விநாடியில் நின்றுவிடப் போகிறது என்ற அறிவித்தல் திரையில் தோன்றும், நின்றும் விடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஆடி மாதமே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள் குறைவு. றவுட்டருக்குப் பின்னால் இருந்த கணனிகளை அப்புழு வெளியிலிருந்து நேரே தொட முடியவில்லை. தொலைபேசிக் கம்பியை நேரே கணனியிற் செருகியவர்களே கஷ்டப்பட்டார்கள். மறுவருடம், 2004 ஆவணியில், தீச்சுவர் தானாகவே பூட்டியிருக்கும்படி எக்ஸ்பி மாற்றப்பட்டது.

இவ்விரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, இரண்டும் வெவ்வேறு இடத்தைக் காக்கின்றன என்றே கூறுவோம். மகள் மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு ரியூசனுக்கோ நகரத்து நூலகத்துக்கோ போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள வைஃபையில் இணைகிறாள். வீட்டு வேலி வீட்டில் நிற்கிறது. அவளோடு போவது கதவு மாத்திரமே. அதேபோல வீட்டுக்கு வந்த விருந்தினரின் தொலைபேசியிலோ வேறொரு கணனியிலோ கிருமி இருந்தால் அது ஏற்கெனவே வேலிக்குள்ளே வந்துவிட்டது. இங்கும் கதவே தடுக்கும்.

மறுபுறம், கதவு போட முடியாத பொருள்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. வளவைப் பார்க்கப் பூட்டும் கமரா, இணையத் தொலைக்காட்சி போன்றவற்றிற் கணனியிற்போல ஒரு தீச்சுவரை நீங்கள் நிறுவ முடியாது. அவற்றுக்கு வேலி ஒன்றே காவல். 2016ஆம் ஆண்டு மிறாய் என்ற கிருமி, கமராக்களையும் றவுட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அது பயன்படுத்திய சூட்சுமம் பெரிதொன்றுமில்லை. தொழிற்சாலையிற் போட்டு அனுப்பும் பெயர், கடவுச்சொற் சோடிகள் அறுபதுக்குச் சற்று மேல் அதன் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கடவுச்சொல்லை மாற்றாதவர்களின் கருவிகள் எல்லாம் அதற்கு அடிமையாகின. அவ்வருடம் ஐப்பசி 21ஆம் திகதி, அக்கருவிகளின் பட்டாளத்தை ஏவி ருவிற்றர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே சில மணித்தியாலங்கள் எட்டமுடியாமற் செய்தார்கள். தங்கள் கமராவும் அந்தப் பட்டாளத்தில் நின்றது என்று அதன் சொந்தக்காரர் பெரும்பாலானோருக்குத் தெரிந்திராது.

காவலே கள்ளனுக்கு வழியான சம்பவங்களும் உண்டு. 2004 பங்குனியில் விற்றி என்ற புழு, பிளக்ஐஸ் என்ற மென்பொருள் தீச்சுவரில் இருந்த பிழைக்குள்ளாலேயே நுழைந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 12,000 கணனிகளைப் பிடித்து, அவற்றில் இருந்த தகவல்களைச் சிறிது சிறிதாக அழித்தது. 2018 வைகாசியில் விபிஎன்ஃபில்ரர் என்ற கிருமி குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் றவுட்டர்களிற் குடியிருப்பது தெரியவந்தது. எல்லோரும் தத்தம் றவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடும்படி அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. இதனாற்றான் ஒன்றை மாத்திரம் நம்பியிருக்க வேண்டாம் என்கிறோம். எமது ஊரிலும் வேலி இருக்கிறது என்பதற்காக யாரும் கதவில்லாத வீடு கட்டுவதில்லை.

அப்படியானால் கடையில் விற்கும் தனிப் பெட்டி யாருக்கு? பத்துப் பதினைந்து கணனி வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ, பலருடைய கணக்குகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கோ அது பயன்படும். அதுவும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் இருந்தால். பல பெட்டிகளுக்கு வருடாந்தச் சந்தா உண்டு. சந்தா முடிந்தால் புதிய ஆபத்துகளைப் பற்றிய தகவல் வருவது நின்றுவிடும். பெட்டி வெளிச்சம் காட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் காவல் இருக்கிறதென்றே நினைப்பார். ஒரு மடிக்கணனியும் மூன்று தொலைபேசியும் உள்ள வீட்டுக்கு இது வீண்செலவு. கணனிக்குத் தனியாகக் காசு கொடுத்து வேறு மென்பொருள் தீச்சுவர் வேண்டுவதும் அப்படித்தான்.

அந்த வீட்டில் நாம் இருந்து செய்தவற்றைச் சொல்கிறோம், நீங்களும் செய்யலாம். றவுட்டரைப் புரட்டினால் அடியில் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், ஒரு பெயரும், கடவுச்சொல்லும் இருக்கும். கணனியில் இணையப் பக்கம் திறக்கும் இடத்தில் அம்முகவரியைத் தட்டினால் றவுட்டரின் உட்பக்கம் திறக்கும். முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. இங்கே பலர் மயங்குகிறார்கள்: வைஃபைக்குக் கொடுக்கும் கடவுச்சொல் வேறு, றவுட்டரைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை "அட்மின்" என்றே விட்டிருக்கும் வீடுகளே அதிகம். புதியதைக் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். கடதாசியில் எழுதக்கூடாது என்று சொல்வார்கள். கடலுக்கப்பால் இருக்கும் கள்ளன் உங்கள் அலுமாரியைத் திறக்க முடியாது.

அடுத்து, தீச்சுவர் என்ற பகுதியைத் தேடி அது இயங்குகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து றவுட்டரை நிர்வகிக்க விடும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள். யூபிஎன்பி என்று ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் கருவி ஒன்று கேட்டவுடன், வீட்டுக்காரரைக் கேளாமலே வேலியிற் பொட்டு வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. விளையாட்டு நிரல்களுக்கும் சில கமராக்களுக்கும் அது வேண்டும் என்பார்கள். எமது அபிப்பிராயம் நிறுத்திவிடுவதே. ஏதாவது வேலை செய்யாவிட்டால் அப்போது யோசிக்கலாம். றவுட்டருக்குப் புதிய மென்பொருள் வந்திருந்தால் அதையும் ஏற்றிவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் ஏற்ற வேண்டாம். பாதியில் நின்றால் பெட்டி பழுதாகலாம்.

கணனியில் விண்டோஸ் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் தீச்சுவர் பக்கத்தைத் திறந்தால் மூன்று வகை வலையமைப்பு காட்டும். மூன்றிலும் பச்சைச் சரி அடையாளம் இருக்க வேண்டும். வெளியிடத்தில் இணையும்போது பொது வலையமைப்பு என்பதைத் தெரிவு செய்ய மகளிடம் சொல்லுங்கள். அப்போது கதவு இன்னும் இறுக்கமாக இருக்கும். ஆப்பிள் கணனிகளிலும் தீச்சுவர் உண்டு. அது இயங்குகிறதா என்று அமைப்புகளுக்குள் சென்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் தீச்சுவர் தடுக்காத ஒன்று உண்டு: நீங்களே கூட்டிவந்த கள்ளன். தீச்சுவர் மேல்விலாசத்தைத்தான் பார்க்கிறது என்று முன்னர் சொன்னோம். "உங்களுக்குப் பொதி வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்ற செய்தியை நம்பி அழுத்தினால், அழைத்தது நீங்கள், படலை திறக்கும். வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி, தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்பவனுக்கு இணையப் பொதியே தேவையில்லை. வெளிநாட்டுக் காசை நம்பி மாதத்தை ஓட்டும் வீடுகளில் இப்படிப் போன தொகைகளை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த இலக்கத்தை எந்த வங்கியும் தொலைபேசியிற் கேட்பதில்லை. தொலைத்தொடர்புக் கடையிற் செருகிய பென்டிரைவைக் கொண்டுவந்து வீட்டுக் கணனியிற் செருகினால், அது வேலிக்கு மேலால் வந்த சரக்கு.

2017 வைகாசி 12ஆம் திகதி வெளிப்பட்ட வொனாக்றை என்ற கிருமி இன்னொரு வகை. அது கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டுக் கப்பம் கேட்டது. 150க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியது. பிரித்தானிய வைத்தியசாலைகள் பல நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நுழைந்தது 445ஆம் வாசல். அதற்கான திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்னரே, பங்குனி 14ஆம் திகதி, வெளிவந்திருந்தது. வெளி வேலி இருந்த நிறுவனங்களிலும், ஒரு கணனிக்குள் வந்ததும் உள்ளே மற்றவற்றுக்குத் தாவியது. திருத்தங்களைப் போட்டுக்கொண்டிருப்பது தீச்சுவரிலும் முக்கியம் என்று இதனாற்றான் சொல்கிறோம். தம்பியார் அனுப்பிய மடிக்கணனியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு வழமையான இலவசத் திருத்தம் 2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற அந்தக் கணனிக்கு வலு போதாது. ஆகவே வங்கி அலுவல்களை அதிற் செய்யவேண்டாம் என்று சொல்லி, லினக்ஸ் போட்டுப் பார்க்கத் தெரிந்த பையன் ஒருவனை அடுத்த மாதம் கூட்டிவருவதாக ஒப்புக்கொண்டோம்.

உறுதியும் முறைப்பாட்டுப் பிரதிகளும் ஒரே கணனியில் மாத்திரம் இருந்தன. எமக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டையாகப் பட்டது. பெட்டிக்கு என்று எடுத்து வைத்த காசில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு இரண்டு பென்டிரைவ் வாங்குவித்தோம். இரண்டிலும் எல்லாவற்றையும் பிரதி செய்தாயிற்று. ஒன்று வீட்டு அலுமாரியில், றவுட்டரின் கடவுச்சொல் எழுதிய கொப்பியோடு இருக்கிறது. மற்றது சுன்னாகத்தில் அக்கா வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பார்த்து, புதிய கடதாசி ஏதும் வந்திருந்தால் சேர்த்துவிட்டு, உடனே கழற்றி வைக்க வேண்டும். செருகியபடி விட்டால் கணனிக்கு வருவது அதற்கும் வரும். அந்தப் பொறுப்பை மகள் ஏற்றிருக்கிறாள்.